பாலாற்றங்கரையின் உப்புக் கணக்கு

2025 ஜனவரி 30 அன்று பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. செய்தியைப் படித்த பலருக்கும் மூன்று சந்தேகங்கள் வந்தன. இந்த வழக்கு 1996-லேயே முடிந்து சட்டக் கல்லூரிப் பாடமாகவும் ஆகிவிட்டதே, மறுபடி எதற்கு? இழப்பீட்டை 2001-லேயே அறிவித்துவிட்டார்களே, இன்னும் யாருக்குப் பாக்கி? ஊருக்கு ஊர் சுத்திகரிப்பு நிலையம் கட்டிய பிறகும் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது?

மூன்றில் எதற்குப் பதில் தேடினாலும் உப்பில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது. தோலுக்குப் போட்ட உப்பு கடைசியில் எங்கே போனது என்று பின்தொடர்ந்தால் வழக்கு ஏன் இழுக்கிறது, யாருடைய பிழைப்பு எப்படி ஆட்டம் கண்டது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஊர்களும் சொற்களும்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது. வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். வழக்குத் தாள்களில் அந்தப் பெயரைத்தான் பார்க்கலாம். அதுவே பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. இன்றைய கணக்கில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம். மேல்விஷாரமும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டம். அலுவலகங்கள் மூன்றாகப் பிரிந்தாலும் நிலத்தடி நீர் ஒன்றுதான்.

இந்தத் தொழிலில் அடிக்கடி வரும் சொற்கள்:

1. பச்சைத் தோல்: உரித்தபின் அழுகாமலிருக்க உப்புப் போட்ட தோல்.

2. வெட் புளூ: குரோமிய உப்பில் பதனிட்டு நீலம் பாய்ந்து, ஈரமாகவே இருக்கும் தோல். ஷூ மேல்தோல் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

3. டி.டி.எஸ்.: ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகைகளின் மொத்த எடை, மில்லிகிராமில். குடிநீரில் 500 வரை இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தொழிற்சாலை வெளியேற்றும் நீருக்கு வரம்பு 2,100.

4. பொதுச் சுத்திகரிப்பு நிலையம்: பல டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) பங்கு போட்டு நடத்தும் கழிவுநீர் நிலையம். தனியாகக் கட்ட வசதி இல்லாத சிறிய டேனரிகளுக்கு இதுதான் வழி.

5. ஜாப் வொர்க்: அடுத்தவருடைய தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பது. தோல் சொந்தமில்லை, லாபமும் பெரிதாக இல்லை. கழிவுநீர் மட்டும் முழுக்க முழுக்கச் சொந்தம்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது

ஒரு கிலோ பச்சைத் தோலைக் காக்கச் சுமார் 400 கிராம் உப்பு போகிறது. டேனரிக்கு வந்ததும் தோலை உதறி, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஒட்டியிருந்த உப்பில் பெரும்பகுதி அந்த ஊறல் தண்ணீரில் இறங்கிவிடும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு மயிர் நீக்குவார்கள். பிறகு அமிலமும் மறுபடி உப்பும் சேர்த்துப் பதம் செய்து, மரத்தாலான பெரிய டிரம்மில் குரோமிய உப்போடு சுற்றவிடுவார்கள். வழக்கமான முறையில், போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி கழிவோடு போகும்.

ஒரு கிலோ முடிந்த தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும், குரோம் முறையில் 170 வகை வேதிப்பொருள்கள் புழங்குகின்றன என்றும் 1996 தீர்ப்பு குறிப்பிடுகிறது. இந்த 35 லிட்டரை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உதறியதில் போக, தோலில் பாதி உப்புதான் ஒட்டி வந்தது, அதாவது 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 35 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 5,700 மில்லிகிராம். வரம்பு 2,100. ஒரு கிலோ முடிந்த தோலுக்கு ஒரு கிலோவுக்கு மேலாகவே பச்சைத் தோல் வேண்டும். பதம் செய்யும்போது போடும் உப்பும் இந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே உண்மை நிலவரம் இதைவிட மோசம். குரோமியத்தையோ சல்பைடையோ இன்னும் தொடவே இல்லை. சமையல் உப்பு ஒன்றே வரம்பை இரண்டரை மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது.

குரோமியம் என்றால் எல்லோருக்கும் பயம். அதிலும் இரண்டு நிலை உண்டு. பதனிடப் பயன்படுவது மூன்று மின்சுமை கொண்டது. நச்சு குறைவு, அமிலத்தன்மை இல்லாத நீரில் கரைந்து நிற்காமல் படிந்துவிடும். புற்றுநோய் வரவழைப்பது ஆறு மின்சுமை கொண்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டு டேனரித் தண்ணீர் எல்லாமே புற்றுநோய்த் தண்ணீர் என்று சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஆறு மின்சுமைக் குரோமியம் ராணிப்பேட்டையில் வேறு ஒரு ரூபத்தில் குவிந்து கிடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நல்ல எண்ணத்தில் போட்ட ஒரு கொள்கை

இந்தப் பகுதியில் தோல் தொழில் குரோமியத்தோடு பிறந்ததல்ல. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு அரைப்பதமாக்கிய தோல் 'ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்' என்ற பெயரில் சென்னை வழியாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. லாபத்தின் பெரும்பகுதி அதை முடித்து விற்றவர்களுக்குப் போனது.

1972-ல் சீதாராமையா குழு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் குறைக்கச் சொன்னது. 1973-லிருந்து மத்திய அரசு அதற்கு அளவு நிர்ணயித்து, முடிந்த தோலுக்கும் தோல் பொருள்களுக்கும் ஊக்கம் கொடுத்தது. வேலையும் லாபமும் நம் ஊரிலேயே நிற்க வேண்டும் என்ற கணக்கு அது, தப்பென்று சொல்ல முடியாது. இன்று ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம் வருவதற்கு அஸ்திவாரம் அந்த முடிவுதான்.

முடிந்த தோலுக்கு வேகமான குரோம் முறை தேவைப்பட்டது. தொழில் பெருகியது, கழிவும் கூடவே பெருகியது. தோல் ஏற்றுமதிக்கு இலக்கு வைத்தவர்கள் கழிவுநீருக்கு எந்த ஏற்பாடும் வைக்கவில்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்ததே 1974-ல். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982-ல். ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடும் மாசுத் தொழிற்சாலை கூடாது என்ற மாநில அரசாணை 1989-ல். அதற்குள் டேனரிகள் கரையோரம் வேர்பிடித்துவிட்டன.

ஓடாத ஆறு

பாலாறு கர்நாடகத்தில் பிறந்து சுமார் 93 கிலோமீட்டர் ஓடி, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் வந்து கல்பாக்கத்துக்கு அருகே கடலில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். மேலே தண்ணீர் ஓடாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஓடும். அந்தக் காலத்தில் ஊற்றுக்கால் வெட்டி அதைத்தான் வயலுக்குத் திருப்பினார்கள்.

ஓடுகிற ஆற்றில் கலந்த உப்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். ஓடாத ஆற்றில் அது மணலுக்குள் இறங்கி, கிணற்றுக்குள் வந்து நிற்கும். ஆற்றின் மேற்பகுதியில் ஏரிகளும் தடுப்பணைகளும் கூடக்கூட, இறங்கிய உப்பைக் கரைத்துத் தள்ளும் வெள்ளம் குறைந்தது. ஆற்றில் அணை கட்டுவது பற்றி 1892-லேயே மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஒப்பந்தம் உண்டு. இருந்தும் 2016-ல் வாணியம்பாடி எல்லையை ஒட்டிய புல்லூரில் தடுப்பணையின் உயரத்தை ஆந்திரம் கூட்டியபோது இங்கே போராட்டம் நடந்தது. இங்கே கரையோரத்தில் அள்ளிய மணலும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. மணல் போனால் வடிகட்டியும் போச்சு, தொட்டியும் போச்சு.

பாதிக்கப்பட்ட ஒரு பம்பு செட்டுக்குப் போய்ப் பார்த்தால் விஷயம் தெரியும். குழாயிலிருந்து தண்ணீர் விழும் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில், வெயில் ஏற ஏற, சுண்ணாம்பு அடித்தாற்போல ஒரு வெள்ளைப் படலம் படிகிறது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தால் உப்பு. அதே படலம் வயலில் படியும்போது சோடியம் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும். நெல்லும் வாழையும் சீக்கிரம் தோற்கும், தென்னை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் செய்த கணக்கெடுப்பை மேற்கோள் காட்டி 1996 தீர்ப்பு சொன்னது இது: பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர்.

வழக்கு வந்த வழி

1. 1991: வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டது.

2. 1996 ஆகஸ்ட் 28: நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் தீர்ப்பு. ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் கழிவுநீர் ஏற்பாடு. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம். மேற்பார்வை சென்னை உயர் நீதிமன்றத்தின் பசுமை அமர்வுக்கு.

3. 2001: அந்த ஆணையம் வேலூர் மாவட்டத்தில் 547 டேனரிகளால் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்று கண்டு, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது.

4. 2010: சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடுகள் போயின.

5. 2025: நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வின் தீர்ப்பு.

மூன்றாவது எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். 26.82 கோடியை 29,193 ஆல் வகுத்தால் ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நிலத்தின் அளவுக்கும் சேதத்துக்கும் தக்கபடி ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குக் குறையும். ஆனாலும் ஒரு போர் போடக்கூட அந்தப் பணம் போதாது. அதுவும் மொத்தமாக வசூலாகவில்லை. இழப்பைக் கணக்கிட ஒரு ஆணையத்தை உண்டாக்கலாம். பணத்தை வாங்கித் தரும் கை அதற்கு இல்லை. வசூல் என்றால் கலெக்டர் ஆபீஸ், நோட்டீஸ், தடை உத்தரவு என்று சுற்ற வேண்டும். மூடிப்போன டேனரியிடமிருந்து, கைமாறிய டேனரியிடமிருந்து எதை வசூலிப்பது? தீர்ப்பு பெரிய கொள்கை பேசியது. அதை நிறைவேற்றும் வேலை, வழக்கமான வேலைகளுக்கே நேரம் போதாத அலுவலகங்களின் மேசையில் போய் விழுந்தது. இந்த வழக்கில் நிறுவனங்கள் தோற்ற இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

சுத்திகரிப்பு நிலையம் எதைச் சுத்திகரிக்கும்

நிலையத்துக்குள் வரும் கழிவுநீரைச் சல்லடையில் விட்டு, கலக்கி, ரசாயனம் போட்டுப் படியவைத்து, காற்றூதி நுண்ணுயிர்களை வளர்த்து, மறுபடி படியவைப்பார்கள். மயிர், சதை, கொழுப்பு, நாற்றம், குரோமியத்தின் பெரும்பகுதி எல்லாம் கசடாகிப் பிரியும். வெளிவரும் தண்ணீர் தெளிவாக இருக்கும், பார்த்தால் நல்ல தண்ணீர் போலவே இருக்கும். கரைந்த உப்பை மட்டும் இந்த முறை எதுவும் செய்யாது. நுண்ணுயிர் உப்பைத் தின்னாது. மூன்றாவது சந்தேகத்துக்கு இதுதான் பதில்: கட்டிய நிலையங்கள் வேலை செய்தன, ஆனால் கிணற்றைக் கெடுத்த பொருளை எடுப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

இது தெரிந்த பிறகுதான் 'சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது' என்ற ஏற்பாட்டுக்கு மாறினார்கள். ஆர்.ஓ. வைத்துத் தண்ணீரை மீட்டுத் திரும்ப டேனரிக்கே அனுப்புவது, மிஞ்சும் கொழுத்த உப்பு நீரை ஆவியாக்கிக் காயவைப்பது. காகிதத்தில் கச்சிதம். நடைமுறையில் மூன்று சிக்கல்.

1. ஆவியாக்க மின்சாரமும் விறகும் நீராவியும் வேண்டும். செலவு எகிறும். ஆர்டர் குறைந்து டேனரிகள் பாதி நாள்தான் ஓடினாலும் நிலையத்தின் நிலைச் செலவு குறையாது. உறுப்பினர் ஒருவர் மூடினால் அவர் பங்கும் மற்றவர் தலையில் ஏறும். அதைத் தாங்காமல் அடுத்தவர் தடுமாறுவார். ஒழுங்காகக் கட்டணம் கட்டுபவருக்கும் இரவில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுபவருக்கும் இடையே விலையில் வரும் வித்தியாசம் நியாயமாக நடப்பவரைத்தான் அடிக்கும்.

2. காய்ந்து மிஞ்சுவது சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்த கலப்பு உப்பு. சுத்தமானதாக இருந்தால் விற்கலாம், கலப்பை வாங்க ஆளில்லை. கொட்டகைக்குள் மூட்டை மூட்டையாக அடுக்க வேண்டியதுதான். கொட்டகை ஒழுகினால் மறுபடி மண்ணுக்கு.

3. கசடு. அதை எங்கேயாவது வைத்தாக வேண்டும்.

மூன்றாவது சிக்கலின் விலை 2015 ஜனவரி 31 அதிகாலை தெரிந்தது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றுவதற்காகத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த ஆபத்து, வாடகை கொடுத்து அறை எடுக்க வழியில்லாமல் வேலையிடத்திலேயே படுத்தவர்கள் மேல் போய் விழுந்தது.

தொட்டி விபத்துகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மயிர் நீக்கப் போடும் சல்பைடு நீரில் அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிகுந்தால் மூக்கே மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி ஒருவர் தொட்டியில் இறங்குவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் ஏன் இறக்கிறார்கள் என்று செய்தி படிப்பவர்கள் கேட்பதுண்டு. காரணம் இதுதான்.

மூடினால் முடிந்துவிடுமா

'கெடுக்கிற கம்பெனியை மூடிவிட வேண்டியதுதானே' என்பவர்களுக்கு ராணிப்பேட்டையிலேயே ஒரு பதில் இருக்கிறது. டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய ரசாயனங்களைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1995-ல் மூடப்பட்டது. ஆலை போனது, கழிவு நின்றது. ஒன்றரை லட்சம் டன் அளவுக்கு அங்கே குவிந்தது ஆறு மின்சுமைக் குரோமியம் கலந்த மலை. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும். 2006-ல் மாசை ஆராயும் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. மூடிய ஆலைக்கு முதலாளி இல்லை, லாபம் இல்லை, கட்டணம் கட்டும் உறுப்பினர் இல்லை. கழிவைச் சுமக்க மிஞ்சியது அரசும் அக்கம்பக்கத்து ஊர்களும்தான்.

ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி

இந்த வழக்கை விவசாயிக்கும் முதலாளிக்கும் நடக்கும் சண்டை என்றே எழுதுகிறார்கள். ஆம்பூர் பக்கம் விடியற்காலையில் கிராமம் கிராமமாக நின்று ஆளேற்றும் ஷூ கம்பெனிப் பேருந்துகளைப் பார்த்தால் அந்தப் படம் கலைந்துவிடும். கிணறு கெட்டு, நிலம் போட்டது போட்டபடி கிடக்கும் வீட்டிலிருந்துதான் மகளோ மருமகளோ டிபன் பாக்ஸோடு அந்தப் பேருந்தில் ஏறுகிறார்கள். ஷூ தைக்கும் இடத்தில் கழிவுநீர் பெரிதாக இல்லை. கழிவு முழுக்க அதற்கு முந்தைய கட்டமான டேனரியில். ஆனால் டேனரியில் தோல் நின்றால் தையல் மெஷினும் நிற்கும்.

ஆகவே அந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. தண்ணீர் கெட்டதால் விவசாய வருமானம் போனது. அதற்குப் பதிலாக வந்த சம்பளம் வெளிநாட்டு ஆர்டரைத் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, பாலாற்றைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு முடிவு பாலாற்றங்கரைச் சம்பளத்தை அசைத்தது. நிலம் நன்றாக இருந்திருந்தால், கம்பெனியில் வேலை குறைந்த மாதத்துக்கு வேர்க்கடலையாவது கைகொடுத்திருக்கும்.

2025 தீர்ப்பில் என்ன புதிது

1. இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட வேண்டும்; மாசு செய்தவர்களிடமிருந்து பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் இனி வசூலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது சந்தேகத்துக்கு இது பதில்.

2. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து, ஆற்றைச் சீர்செய்யும் வழியையும் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் தணிக்கையையும் பார்க்க வேண்டும்.

3. கெடுத்ததைச் சரிசெய்து முடிக்கும்வரை கெடுத்தவரின் பொறுப்பு தீராது. ஒருமுறை பணம் கட்டிவிட்டோம், கணக்கு முடிந்தது என்று இனிச் சொல்ல முடியாது. 1996-ல் முடிந்த வழக்கு மறுபடி ஏன் என்ற முதல் சந்தேகத்துக்கு இதில் விடை இருக்கிறது.

இனி இது குறித்துச் செய்தி வந்தால், எத்தனை நிலையங்கள் இயங்குகின்றன, எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்பவற்றை விட்டுவிட்டு இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, கரையோரக் கிணறுகளின் டி.டி.எஸ்., கோடையில் எடுத்தது தனியாக, மழைக்குப் பின் எடுத்தது தனியாக. மழைக்குப் பின் எடுத்ததை மட்டும் காட்டினால் எந்தக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும். இன்னொன்று, கொட்டகைகளில் அடுக்கியிருக்கும் கலப்பு உப்பு எத்தனை டன், அந்தக் கொட்டகைக் கூரைக்கு ஓடு மாற்றும் செலவு யாருடைய பெயரில் எழுதியிருக்கிறது என்பது.